வேலி பயிரை மேயவில்லை

கேள்வி: எனக்கு 32 வயது, எடை 60 கிலோ. மூன்று வருடமாக லூபஸ், தன்னுடல் தாக்கு நோய் என்கிறார்கள். முகத்தில் சிவப்பு, விரல் மூட்டுகளில் வீக்கம், எந்நேரமும் களைப்பு என்று ஆரம்பித்தது. ஏ.என்.ஏ. பாசிட்டிவ், ஆன்டி-ரோ பாசிட்டிவ், டி.எஸ். டி.என்.ஏ. கொஞ்சம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினம் 400 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். மலேரியா மாத்திரை எனக்கெதற்கு என்று அப்போதே குழப்பம். கண் போய்விடும் என்று ஒருவர் சொல்ல, பயந்துபோய் ஆறு வாரத்துக்கு முன் நானாகவே நிறுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். "உனக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவு, அதைக் கூட்டு" என்று உறவினர் ஒருவர் ஒரு டப்பா மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இணையத்தில் படித்தால் டோல் ஏற்பிகள்தான் காரணம், அவற்றை அடைக்கும் மருந்து வரப்போகிறது என்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதையாக இருக்கிறது, டாக்டர். என் உடம்பே என்னை எதிரியாக நினைக்க நான் என்ன செய்தேன்? இரண்டாவது குழந்தைக்கு ஆசை இருக்கிறது. ஆறு வயது மகளுக்கும் இது வந்துவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் இன்றே பதில் வேண்டும். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். விழுங்குவதை நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மருந்து இன்னும் உங்களைவிட்டுப் போகவில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் திசுக்களுக்குள் புகுந்து தங்கிக்கொள்ளும் ரகம். உடம்பில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 40 நாள் பிடிக்கும். நீங்கள் எனக்கு எழுதிய அன்று பழைய கையிருப்பில் பாதி உங்களுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1991ல் வெளிவந்த கனடிய ஆய்வில், இந்த மாத்திரையால் நோய் அடங்கியிருந்த 47 பேரை எடுத்துக்கொண்டார்கள். 25 பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், 22 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. 24 வாரத்துக்குள் மருந்து தொடர்ந்தவர்களில் 9 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 பேருக்குக் கிளம்பியது. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் உங்களைப் போலவே நிறுத்தினார். இரண்டு மாதம் வரை உற்சாகமாக இருந்தார். நான்காம் மாதம் கணுக்கால் வீங்கி, சிறுநீரில் நுரை கட்டி வந்து நின்றார். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஆகாது என்று சொல்ல ஆறு வாரம் போதாது என்கிறேன். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, நிறுத்திய விஷயத்தை மறைக்காமல் சொல்லி, மறுபடி தொடங்குங்கள். கண் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதில் உங்கள் பயத்துக்கு ஓரளவு நியாயமும் இருக்கிறது.

இப்போது, நான் என்ன செய்தேன் என்ற கேள்வி. எதுவும் செய்யவில்லை, அம்மா. ஆனால் "உடம்பு என்னை எதிரியாக நினைக்கிறது" என்பது எனக்கு ஒப்புதல் இல்லாத வாசகம். எங்கள் துறையிலேயே பலர் அப்படித்தான் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். போர், படை, துரோகம் என்று பேசினால் கேட்பவருக்குச் சட்டென்று புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு நோயாளியைத் தன் உடம்போடேயே சண்டைக்கு நிறுத்திவிடுகிறது. உங்கள் வேலி பயிரை மேயவில்லை. வேலியில் கட்டிய மணி, காற்றுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இணையத்தில் படித்த டோல் ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட பொருளைத் தொட்டு உணரும் புரதங்கள், அந்த மணிகள்தான்.

நோய் எதிர்ப்பில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று, கற்றுக்கொள்ளும் அடுக்கு. குறிப்பிட்ட கிருமிக்கென்று ஆன்டிபாடி செய்வது, அதை வருடக்கணக்கில் நினைவில் வைப்பது எல்லாம் அதன் வேலை. இன்னொன்று பிறக்கும்போதே கூட வரும் அடுக்கு. இதற்குக் கற்றல் கிடையாது, மரபணுவில் எழுதி வைத்த சில ஏற்பிகளே அதன் மூலதனம். வெகுகாலம் இந்த இரண்டாவதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1989ல் சார்லஸ் ஜேன்வே என்ற அமெரிக்க விஞ்ஞானி ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். தூய்மையான புரதத்தை மட்டும் ஊசியில் போட்டால் உடம்பு ஏன் கண்டுகொள்வதில்லை? செத்த பாக்டீரியாத் துகளைக் கொஞ்சம் கலந்தால் மட்டும் ஏன் ஆன்டிபாடி குவிகிறது? ஆய்வகத்தில் எல்லோரும் கலந்துகொண்டிருந்தார்கள், ஏன் என்று யாரும் வாய் திறக்கவில்லை. நம் துறையின் அழுக்கு ரகசியம் இது என்றே அவர் கேலியாகச் சொன்னார். அவர் ஊகித்த பதில்: கற்கும் அடுக்கு தானாக எழுந்திருக்காது. கிருமிகளுக்கே உரிய பொதுவான அடையாளத்தைப் பிறவி ஏற்பி ஏதாவது கண்டு மணி அடித்தால்தான் எழும்.

அந்த ஏற்பி பழ ஈயில் கிடைத்தது. கருவின் வளர்ச்சிக்காக ஜெர்மனியில் ஆராய்ந்துகொண்டிருந்த மரபணு அது. "டோல்" என்றால் அந்த மொழியில் "பிரமாதம்" என்று பொருள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1996ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் டோல் இல்லாத ஈக்கள் பூஞ்சை படர்ந்து சாவதைக் காட்டினார்கள். மறு வருடம் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடோவும் மனிதருக்கும் அதே வம்சத்தில் ஏற்பி இருப்பதைக் கண்டார்கள். 1998ல் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் மேலுறைப் பொருள் ஒன்றைப் பிடிப்பது டி.எல்.ஆர்.4 (டி.எல்.ஆர். என்பது டோல் வகை ஏற்பியின் சுருக்கம், எண் அதன் வரிசை) என்று நிரூபித்தார். 2011 நோபல் பரிசில் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் பங்கு கிடைத்தது. ஜேன்வே அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

மனிதருக்கு இந்த வகையில் பத்து ஏற்பிகள். சில செல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்து பாக்டீரியாவின் உறை, வால் போன்றவற்றைத் தொட்டுப் பார்க்கும். அவற்றால் குழப்பமில்லை, ஏனென்றால் அந்தப் பொருள்கள் நம்மிடம் கிடையாது. சிக்கல் வைரஸ்களால் வருகிறது. வைரஸிடம் தனக்கென்று அதிகம் சரக்கு இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம் பொருளை வைத்தே தன்னைக் கட்டிக்கொள்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அதன் ஆர்.என்.ஏ.வையோ டி.என்.ஏ.வையோதான் பிடிக்க வேண்டும். டி.எல்.ஆர்.3, 7, 8, 9 நான்கும் அந்த வேலைக்கானவை. ஆனால் ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.வும் நம்மிடமும் மலையாகக் கிடக்கின்றனவே! கிருமியுடையதற்கும் நம்முடையதற்கும் எழுத்தில் சிறு வேறுபாடுகள் உண்டு. இந்த ஏற்பிகள் அவற்றையும் ஓரளவு பார்க்கின்றன. அதை மட்டும் நம்பி மணியை மாட்ட முடியாது.

இயற்கை இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. இந்த ஏற்பிகளைச் செல்லின் மேற்பரப்பில் வைக்காமல், உள்ளே எண்டோசோம் என்ற அமிலப் பைகளில் பூட்டி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து செல் விழுங்கியதெல்லாம் போய்ச் சேருகிற பை அது. வைரஸ் விழுங்கப்பட்டு அங்கே போனால் உடைந்து அதன் ஆர்.என்.ஏ. வெளியே வரும், மணி அடிக்கும். நம் சொந்த டி.என்.ஏ.வோ உட்கருவுக்குள் இருக்கிறது. செத்த செல்லிலிருந்து சிந்தினாலும், அந்தப் பையை எட்டுவதற்குள் ரத்தத்தில் இருக்கும் நொதிகள் அதை வெட்டித் துண்டாக்கிவிடும். ஆக, ஏற்பி கேட்பது "நீ யார்" என்று அல்ல, "நீ இங்கே எப்படி வந்தாய்" என்றுதான். இதை நிரூபிக்க 2006ல் ஒரு சோதனை செய்தார்கள். டி.எல்.ஆர்.9ஐ மாற்றியமைத்து, பையிலிருந்து எடுத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்தார்கள். வைரஸ் டி.என்.ஏ.வை அதனால் உணர முடியவில்லை, உடம்பின் சொந்த டி.என்.ஏ.வுக்கோ மணி அடிக்க ஆரம்பித்தது. ஏற்பி அதேதான், இருந்த இடம்தான் வேறு.

லூபஸில் நடப்பது இதன் மறுபக்கம். ஏற்பி தன் இடத்திலேயே இருக்கிறது, நம் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நான் மாணவனாக இருந்தபோது எல்.இ. செல் என்ற சோதனை இன்னும் வழக்கில் இருந்தது. 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் கண்டது. நோயாளியின் ரத்தத்தைக் கண்ணாடி மணிகள் போட்டுக் குலுக்குவோம். சில வெள்ளணுக்கள் நசுங்கி அவற்றின் உட்கரு வெளியே வரும். கொஞ்ச நேரம் விட்டு, தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துக் கண் வலிக்கத் தேடுவோம். திடீரென்று ஒன்று அகப்படும். ஒரு வெள்ளணு வயிறு புடைக்க, வழவழப்பான ஊதாக் கட்டி ஒன்றை விழுங்கி வைத்திருக்கும். அதன் சொந்த உட்கரு இடமில்லாமல் ஓரத்தில் பிறைபோல் ஒட்டிக் கிடக்கும். அந்த ஊதாக் கட்டி இன்னொரு செல்லின் உட்கரு. ஆன்டிபாடி பூசப்பட்டதால் விழுங்கப்பட்டிருக்கிறது. பாசிட்டிவ் என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுப்போம். டோல் ஏற்பிகளைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. இப்போது நினைத்தால், நோயின் மையக் காட்சியையே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். உட்கருவின் சரக்கு, போகக்கூடாத பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஏ.என்.ஏ. என்றால் செல்லின் உட்கருப் பொருள்களுக்கு எதிரான ஆன்டிபாடி. மற்ற இரண்டும் அது எந்தப் பொருளைக் குறிவைக்கிறது என்று சொல்பவை. டி.எஸ். டி.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வேதான். ரோ என்பது சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து வைத்திருக்கும் புரதம். மற்ற லூபஸ் நோயாளிகளுக்கு வரும் எஸ்.எம்., ஆர்.என்.பி. இரண்டும் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிய புரதங்கள். உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்க, ஆன்டிபாடிகள் திரும்பத் திரும்ப டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. சுமப்பவற்றின் மேலேயே ஏன் குவிகின்றன? 2002ல் இதற்கு விடை தெளிய ஆரம்பித்தது. இப்படிப்பட்ட பொருளை, ஆன்டிபாடி செய்யும் பி செல் ஒன்று தன் மேற்பரப்பில் பிடித்தால் அதை உள்ளே இழுத்துப் பைக்குள் போடுகிறது. அங்கே டோல் ஏற்பியும் அடிக்கிறது. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் திரும்ப, அந்த பி செல் பெருகி ஆன்டிபாடியைக் கொட்டுகிறது. சாதாரணப் புரதத்தைப் பிடித்த பி செல்லுக்கு இரண்டாவது சாவி கிடையாது, அது அடங்கிவிடும். ரோவும் டி.என்.ஏ.வும் தங்கள் சாவியைத் தாங்களே கொண்டுவருகின்றன.

அப்புறம் இது வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. ஆன்டிபாடி ஒட்டிய டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. கட்டிகளை இன்னொரு வகை செல்கள் விழுங்குகின்றன. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் என்ற வாயில் நுழையாத பெயர் அவற்றுக்கு. அவற்றிடம் டி.எல்.ஆர்.7ம் 9ம் நிறைய. மணி அடித்ததும் அவை இன்டர்ஃபெரானைக் கொட்டுகின்றன. வைரஸ் வந்தால் சுரக்கும் அதே பொருள். வைரஸ் காய்ச்சலின்போது உடம்பு எப்படி அடித்துப் போட்ட மாதிரி இருக்கும் என்று தெரியுமல்லவா? உங்கள் களைப்பின் ஒரு பகுதி அதுதான். உடம்பு, இல்லாத வைரஸுக்குக் காய்ச்சல் காய்கிறது. லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் கூடியிருப்பது 1979லேயே தெரியும். வேறு நோய்களுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு லூபஸ் போன்ற நோய் வந்தபோதுதான், அது வெறும் விளைவல்ல, காரணத்திலும் பங்குள்ளது என்று உறைத்தது.

சரி, அந்தச் சரக்கு முதலில் ஏன் சிந்துகிறது, ஏன் அகற்றப்படுவதில்லை? ஒற்றைக் காரணம் கிடையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் கூட்டமாகச் சாவது ஒரு வழி. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசிச் சாவது இன்னொன்று. சிந்தியதை வெட்டும் நொதிகளில் ஒன்றோ, செத்த செல்லை அப்புறப்படுத்த உதவும் சி1க்யூ என்ற புரதமோ பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே லூபஸ் வருகிறது. சி1க்யூ அறவே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கு அப்படிப் பெரிய குறை எதுவும் இருக்க வாய்ப்பில்லை. பல சிறு சாய்வுகள் ஒரே பக்கம் சேர்ந்திருக்கும்.

அவற்றில் ஒன்று உங்களுக்கு நிச்சயம் உண்டு: நீங்கள் பெண். லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோன் என்று மட்டுமே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் டி.எல்.ஆர்.7க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று மூடப்பட வேண்டும். இந்த மரபணு மட்டும் சில செல்களில் மூடலுக்குத் தப்பி இரண்டு பிரதியாக வேலை செய்கிறது என்று 2018ல் காட்டினார்கள். கூடுதல் எக்ஸோடு பிறந்த ஆண்களுக்கு லூபஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு. எலிகளில் இதைத் தலைகீழாகப் பார்க்கலாம். ஒரு வம்சத்தில் ஆண் எலிகளுக்குத்தான் லூபஸ் கடுமை. 2006ல் தேடிப் பார்த்தால், எக்ஸிலிருந்து ஒரு துண்டு ஒய் குரோமோசோமில் போய் ஒட்டியிருந்தது, அந்தத் துண்டில் டி.எல்.ஆர்.7.

2022ல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஸ்பெயினில் ஏழு வயதில் லூபஸ் கண்டறியப்பட்ட ஒரு சிறுமியின் மரபணுக்களை வாசித்தார்கள். டி.எல்.ஆர்.7ல் 264ஆவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். அந்த ஓர் எழுத்துப் பிழையை எலிக்குள் வைத்ததும் எலிக்கு லூபஸ் வந்தது. மணி எளிதில் அடிக்கும்படி ஆகியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு நெதர்லாந்தில், அதுவரை திடமாக இருந்த நான்கு இளைஞர்கள் கோவிட் வந்து மூச்சுக் கருவியில் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள். அவர்களிடமும் பிழை டி.எல்.ஆர்.7ல்தான், ஆனால் எதிர்த் திசையில்: மணி அடிக்கவே இல்லை.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் உறவினர் தந்த டப்பாவைப் பாருங்கள். நோய் எதிர்ப்பு சக்தி என்று ஒரே ஒரு குழாய் இருந்து, அதைத் திறந்தால் கூடும், மூடினால் குறையும் என்றால் பேச்சு எளிது. அப்படி ஒரு குழாய் இல்லை. உங்களுக்கு அது குறையவும் இல்லை, மொத்தமாகக் கூடவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு மணி தவறான சமயத்தில் அடிக்கிறது. "கூட்டும்" என்று சொல்லி விற்கும் பொருள்கள் பெரும்பாலும் ஒன்றுமே செய்யாது, அது உங்கள் அதிர்ஷ்டம். சில செய்யும், அதுதான் கவலை. எக்கினேசியா, ஆல்ஃபால்ஃபா இரண்டும் லூபஸ்காரர்கள் தவிர்க்க வேண்டிய பட்டியலில் வெகுகாலமாக இருப்பவை. ஆல்ஃபால்ஃபா முளை தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது 1980களிலேயே பதிவானது. அன்பால் வாங்கித் தந்திருக்கிறார், அவரைக் கோபிக்க வேண்டாம். டப்பாவைத் திறக்கவும் வேண்டாம்.

மலேரியா மாத்திரைக்கு வருவோம். இது எனக்குப் பிடித்த கதை. தோல் லூபஸுக்குக் குயினைன் கொடுத்துப் பார்த்ததாக 1894லேயே லண்டனில் ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். 1951ல் இன்னொருவர், மெபாக்ரின் என்ற மலேரியா மருந்து லூபஸில் பலன் தருவதை எழுதினார். 1955ல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் வந்தது. ஐம்பது வருடம் நாங்கள் ஏன் என்று தெரியாமலேயே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். விடை அந்த அமிலப் பைக்குள் இருந்தது. இந்த மருந்து எண்டோசோமுக்குள் போய்த் தேங்கி, அதன் அமிலத்தைத் தணிக்கிறது. டோல் ஏற்பிகள் சரியாக வேலை செய்ய அமிலம் வேண்டும். அது மட்டுமல்ல, மருந்து டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அவை ஏற்பியில் பொருந்தவிடாமலும் செய்கிறது. ஆக, டோலை அடைக்கும் மருந்து வரப்போகிறது என்று படித்தீர்களே, அதன் முரட்டு முன்னோடியை மூன்று வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். முரட்டு என்றாலும், மற்ற நோயெதிர்ப்பு அடக்கிகளைப் போல உங்களைத் தொற்றுக்குத் திறந்துவிடுவதில்லை.

கண் பயம். அது கட்டுக்கதை அல்ல. மருந்து வருடக்கணக்கில் விழித்திரையில் சேர்ந்து, சிலருக்குப் பார்வையின் மையத்தைச் சுற்றிச் சேதம் செய்யும். வந்த சேதம் திரும்பாது. ஆனால் இது அளவையும் காலத்தையும் பொறுத்தது. எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல் இருந்தால் முதல் ஐந்து வருடத்தில் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் கீழே, பத்து வருடத்தில் இரண்டுக்கும் கீழே. இருபது வருடம் தாண்டினால்தான் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குப் போகிறது. உங்கள் எடைக்கு 300 மி.கி. வருகிறது, நீங்கள் சாப்பிட்டது 400. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தே கூடுதலாகக் கொடுப்பது உண்டு. மூன்று வருடம் கழித்து அதைப் பேசாமல் விட்டிருந்தால் அது எங்கள் பக்கத்துத் தவறு. ஒருநாள் 200, மறுநாள் 400 என்று மாற்றிப் போட்டாலே சராசரி 300 வந்துவிடும். நீங்களாக மாற்றாதீர்கள், குறைத்தாலும் நோய் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கண் மருத்துவரிடம் தொடக்கத்தில் ஒரு முறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம், விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப் புலச் சோதனையும் செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னதாகவே தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கச் சோதனை உங்களுக்கு நடந்ததா என்று கடிதத்தில் இல்லை.

புதிய மருந்துகள்: மணி அடித்த பிறகு சுரக்கும் இன்டர்ஃபெரானைச் செல்கள் கேட்காதபடி, அவற்றின் காதை அடைக்கும் ஊசி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அனிஃப்ரோலுமாப் என்று பெயர், 2021ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு நன்றாகப் பலன் தருகிறது, அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. டி.எல்.ஆர்.7, 8 இரண்டையும் அடைக்கும் மாத்திரைகள் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்பது என் கருத்து. டி.எல்.ஆர்.9ஐ நீக்கினால் எலிகளின் லூபஸ் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். டி.என்.ஏ.வைப் படிப்பது அதுதானே? நீக்கிப் பார்த்தால் நோய் கடுமையாயிற்று. 9 இருக்கும்போது அது 7ஐக் கொஞ்சம் அடக்கி வைத்திருந்திருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் எந்தக் கதவை மூடுவது என்று எலியை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. உங்கள் நோய் இப்போதிருக்கும் மட்டத்தில், இவை எதுவும் உங்களுக்கான பேச்சல்ல.

வேறு தன்னுடல் தாக்கு நோய் உள்ள தோழிகள் யாராவது இதைப் படித்துவிட்டு எனக்கும் டோல்தான் என்று எண்ண வேண்டாம். குரோன்ஸ் என்ற குடல் நோயில் 2001ல் அகப்பட்ட பிறவி ஏற்பி நாட்2 என்ற வேறொன்று. அங்கே கதையும் வேறு, பலருக்கு மணி சரியாக அடிக்காததே தொல்லை.

குழந்தை விஷயம். தாராளமாக ஆசைப்படலாம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, அதன் பிறகு கருத்தரிப்பது நல்லது. கர்ப்பத்தில் பலர் பயந்து முதலில் நிறுத்துவது ஹைட்ராக்சிகுளோரோகுயினைத்தான். நிறுத்தக் கூடாததும் அதுவேதான். கருவுக்குப் பாதுகாப்பானது என்று நீண்ட அனுபவம் இருக்கிறது. உங்களுக்கு ஆன்டி-ரோ இருப்பதால் இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே போய், நூற்றில் இரண்டு குழந்தைகள் அளவுக்கு இதயத் துடிப்பின் மின்பாதையைத் தடுத்துவிடும். முன்பு ஒரு குழந்தைக்கு அப்படி ஆன தாய்மார்களில், அடுத்த கர்ப்பத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது மறுபடி வருவது பாதிக்கும் கீழே குறைந்தது என்று 2020ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆன்டி-ரோ இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பதினாறாவது வாரத்திலிருந்து குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள்.

மகளுக்கு வருமா? அச்சாக ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். உங்கள் மகளிடம் உங்கள் மரபணுவில் பாதிதான் இருக்கிறது, வராமல் இருக்கும் வாய்ப்பே மிகப் பெரிது. தயவுசெய்து இப்போதே அவளுக்கு ஏ.என்.ஏ. சோதனை செய்துவைக்காதீர்கள். ஆரோக்கியமான நூறு பேரில் 13 பேருக்கு 1:80 என்ற அளவில், அதாவது 80 மடங்கு நீர்த்த ரத்த நீரிலும், அது பாசிட்டிவாக வரும், 1:160லும் 5 பேருக்கு வரும். ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குழந்தையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மூட்டு வீக்கம், காரணமில்லாத காய்ச்சல், வெயிலில் தடிக்கும் தோல் என்று ஏதாவது தெரிந்தால் அப்போது பார்க்கலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது காலைச் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், சி3, சி4, டி.எஸ். டி.என்.ஏ. இவற்றை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வார இடைவெளிக்குப் பிறகு எனக்கு முதலில் தெரிய வேண்டியது சிறுநீரகம் சும்மா இருக்கிறதா என்பது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், வெயில் நேரத்தில் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் வேண்டும். புற ஊதாவில் ஒரு பகுதி ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாலும் கை சுடும். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போய் அவர் மேசையில் வையுங்கள். லேபிளைப் படிக்க அவருக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.